சங்கம் வைத்தால் கம்பெனி ஓடிவிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைத் திட்ட வேண்டாம். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

சென்ற வாரம் ஒரே நாளில் எனக்கு இரண்டு செய்திகள் வந்தன.

முதலாவது, நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஃபார்வர்டு செய்தது. அவன் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறான். "சங்கம் என்று கொடி பிடித்தால் கம்பெனிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஆந்திராவுக்கும் குஜராத்துக்கும் போய்விடும். நோக்கியா போனது. ஃபோர்டு போனது. அடுத்தது சாம்சங். நாலு பேர் சுயநலத்தால் நாலாயிரம் குடும்பம் நடுத்தெருவில்" என்று போகிறது அது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நம் சொந்தக்காரர்கள்தான்.

இரண்டாவது, அன்று இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். "டீச்சர், எங்க கம்பெனியில சங்கம் ஆரம்பிக்கிறாங்க. ஃபாரம் குடுத்திருக்காங்க. கையெழுத்துப் போடலாமா வேணாமா? வீட்ல ரொம்பப் பயப்படுறாங்க" என்றான்.

"யோசிச்சுச் சொல்றேன்பா" என்று வைத்துவிட்டேன். சட்டென்று பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் எட்டு வருடமாக அதே கேட்டுக்குள் போய் அதே மெஷினில் நிற்கிறான். முதல் ஏழு வருடத்தில் மூன்று ஒப்பந்ததாரர்கள் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் புது அடையாள அட்டை, புது பி.எஃப். கணக்கு, முந்தைய சர்வீஸ் பூஜ்யம். போன வருடம்தான் நிரந்தரம் ஆனான். இப்போது நான் "போடு" என்று சொல்லி அவன் வேலை போனால், அந்தப் பாவம் யாரைச் சேரும்?

அதனால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். தெரிந்தவர்களிடம் கேட்டேன். இப்போது என் தம்பி மகனுக்கும் அந்தப் பையனுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எதிரி இல்லை. காலை ஐந்து மணிக்குக் கரையான்சாவடி சந்திப்பில் வந்து நின்று பாருங்கள். வெள்ளை பஸ்கள் வரிசையாக வரும். கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள் ஓடி வந்து ஏறுவார்கள். எந்தெந்த மாவட்டத்திலிருந்தோ வந்த பெண் பிள்ளைகள். ப்ளஸ் டூ முடித்தவுடன் கல்யாணம் என்று இருந்த வீடுகளில் பிறந்தவர்கள், இன்று சொந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைக்கிறார்கள். சந்திப்பில் இருக்கும் டீக்கடை முதல் மருந்துக்கடை வரை அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன்: என் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருப்பதும் நான்கு கம்பெனிப் பெண்கள்தான். அவர்கள் தரும் வாடகையும் என் பென்ஷனோடு சேருகிறது. கம்பெனிகள் போய்விட்டால் எனக்கும் நஷ்டம்தான்.

ஆனால் கம்பெனி ஏன் போகிறது என்று உண்மையைப் பேச வேண்டுமல்லவா? அந்த ஃபார்வர்டில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நோக்கியா. 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம். 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் ஏறக்குறைய 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள், பெரும்பகுதி பெண்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஏன் நின்றது? நோக்கியா உலகம் முழுவதும் இருந்த தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றது. 2013 செப்டம்பரில் அறிவித்து 2014 ஏப்ரலில் கை மாற்றினார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. காரணம் வரி வழக்கு. பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை 2,000 கோடிக்கு மேல் கேட்டது. ஏற்றுமதி என்று கணக்குக் காட்டியவை இங்கேயே விற்கப்பட்டவை என்று மாநில அரசு சுமார் 2,400 கோடி கேட்டது. ஆலையை மாற்ற வேண்டுமானால் 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடு என்றது உச்ச நீதிமன்றம். நோக்கியா கொடுக்கவில்லை. ஆலை பின்தங்கியது. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் செய்து கொடுத்தது. அந்த ஒப்பந்தமும் முடிந்ததும் கதவு மூடியது.

இதில் தொழிலாளி எங்கே வருகிறார்? அந்தத் தொழிலாளர்கள் 2014 மார்ச்சில் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். எதற்கு? சம்பள உயர்வுக்கா? இல்லை, "ஆலையை மூடாதீர்கள்" என்று கேட்டு. வேலை கொடுங்கள் என்று பட்டினி கிடந்தவர்கள் மேல்தான் இன்று பழி போடுகிறோம். கிட்டத்தட்ட 5,000 பேர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியே போனார்கள். இருபத்து நான்கு, இருபத்து ஐந்து வயதில் "ஓய்வு"! நான் ஐம்பத்தெட்டைத் தாண்டித்தான் ஓய்வு பெற்றேன்.

அதே 2014 டிசம்பரில், நோக்கியாவுக்கு வேலை செய்துகொண்டிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே சுமார் 1,700 பேர். காரணம் சாதாரணக் கணக்கு. வாங்குகிறவன் போய்விட்டான், செய்கிறவனுக்கு வேலை இல்லை.

அடுத்தது ஃபோர்டு. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அவர்களே காரணம் சொன்னார்கள். நம் ஊர் வாங்குகிற காரை அவர்களால் நம் ஊர் விலைக்குச் செய்து லாபம் பார்க்க முடியவில்லை. மறைமலை நகர் ஆலை 2022 ஜூலையில் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. சரி, சங்கம்தான் காரணம் என்றால், குஜராத் சனந்தில் இருந்த ஃபோர்டு ஆலையை ஏன் மூடினார்கள்? அதே அறிவிப்பில்தானே அதையும் மூடினார்கள்? அதே வருடம் ஜனவரியில் பிரேசிலில் ஏன் மூடினார்கள்? 2016இல் ஆஸ்திரேலியாவில் ஏன் மூடினார்கள்? ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் குஜராத் ஹலோல் ஆலையை மூடியது எந்தச் சிவப்புக் கொடியைப் பார்த்து?

மூன்றையும் பாருங்கள். ஒரு கம்பெனி தன் தொழிலையே விற்றது. ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் போனார். ஒரு கம்பெனி உலகம் முழுக்கக் கடையைச் சுருக்கியது. மூன்று முடிவும் நம் ஊரில் எடுத்த முடிவல்ல. எஸ்போவிலும் டியர்பார்னிலும் எடுத்தவை. ஸ்ரீபெரும்புதூர் பெண் எத்தனை வேகமாகக் கை ஓட்டினாலும், எத்தனை பணிவாக நடந்தாலும் அந்த முடிவு மாறியிருக்காது. உலகமயம் என்று நாம் சொல்வதற்கு என் புத்திக்கு எட்டிய பொருள் இதுதான். வேலை நம் ஊரில் இருக்கும், அதை முடிவு செய்கிறவர் நம் ஊரில் இருக்க மாட்டார்.

இப்போது தம்பி மகனே, எதிர்ப்பக்கமும் பார். போராட்டம் நடந்தும் போகாதவர்கள் யார்?

ஹூண்டாய். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் வந்தது. அங்கே சங்க அங்கீகாரம் கேட்டு எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை உள்ளிருப்பு! செய்தித்தாளில் அடிக்கடி படித்தோம். கம்பெனி ஓடியதா? 2023 மே மாதம், பத்து ஆண்டுகளில் 20,000 கோடி முதலீடு செய்கிறோம் என்று அதே தமிழ்நாட்டு அரசோடு கையெழுத்துப் போட்டது.

சாம்சங். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 1,800 பேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே உட்கார்ந்தார்கள். 37 நாள். முக்கியக் கோரிக்கை சம்பளம்கூட இல்லை. "எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், அதோடு பேசுங்கள்" என்பதுதான். அக்டோபர் 15 அன்று முடிந்தது. சங்கம் பதிவாக 2025 ஜனவரி இறுதி ஆனது, அதுவும் உயர் நீதிமன்றம் வரை போய். பிறகும் பிப்ரவரியில் நிர்வாகிகள் சிலரை இடைநீக்கம் செய்தார்கள், மறுபடி போராட்டம், மார்ச்சில் முடிந்தது. இத்தனை நடந்த பிறகு கம்பெனி போயிற்றா? அந்த ஏப்ரலில் அதே ஆலையில் மேலும் 1,000 கோடி முதலீடு வருகிறது என்று தொழில்துறை அமைச்சர் அறிவித்தார். "அடுத்தது சாம்சங்" என்று ஃபார்வர்டு செய்கிறவர்களுக்கு இது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா?

இன்னொன்று. 2020 மே மாதம் சாம்சங்கின் துணைத் தலைவர் தென்கொரியாவில் மக்கள் முன் தலைகுனிந்து, சங்கமே கூடாது என்ற எங்கள் பழைய போக்கு இனி இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். 2024இல் அங்கே அந்தக் கம்பெனி வரலாற்றிலேயே முதல் வேலைநிறுத்தம் நடந்தது. கொரியத் தொழிலாளிக்குச் சங்கம் நியாயம், சுங்குவார்சத்திரத்துத் தொழிலாளிக்கு மட்டும் அது தேசத்துரோகமா?

சங்கம் இல்லாவிட்டால் ஆலை அமைதியாக இருக்கும் என்பது அடுத்த மூடநம்பிக்கை. அதற்கு நாம் தூரம் போக வேண்டாம். நம் பூந்தமல்லியிலேயே பார்த்தோம்.

2021 டிசம்பர். திரும்பவும் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து ஐபோன் செய்துகொண்டிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பிட்ட உணவு கெட்டு நோயில் விழுந்தார்கள். 150க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். யாருக்கு என்ன ஆயிற்று என்று மற்றப் பெண்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. சிலர் செத்துப்போனார்கள் என்று வதந்தி பரவியது. ராத்திரியில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றது. ஆலையை மூடினார்கள், 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தார்கள். ஆப்பிள் கம்பெனியே விசாரித்து, சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

இந்தப் பெண்களை யாரும் கொடி கொடுத்து அழைத்துவரவில்லை. அங்கே ஒரு சங்கம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "சாப்பாடு சரியில்லை" என்று முதல் நாளே ஒரு பிரதிநிதி மேலாளரிடம் போய்ச் சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவந்து, "எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்" என்று சொல்லியிருப்பார். வகுப்பில் பிள்ளைகள் கை தூக்கிக் கேட்க விடாத டீச்சருக்கு என்ன நடக்கும்? ஒரு நாள் வகுப்பே கூச்சல் போடும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் கற்ற பாடம் இது. அதனால்தான் வகுப்புத் தலைவர் என்று ஒருவரை வைத்தோம்.

அந்தச் சாலை மறியலுக்குப் பிறகு எத்தனை மாற்றம்! விடுதிகளில் சோதனை, உணவில் மாற்றம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடியில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் திறந்தது. நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் வாய் திறந்து கேட்டால்தான் இந்த நாட்டில் எதுவும் கிடைக்கிறது என்பதற்கும் அது அத்தாட்சி.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கம்பெனி இங்கே வருவதற்கு முன் என்ன செய்கிறது? அரசோடு ஒப்பந்தம் போடுகிறது. நிலம், தண்ணீர், மின்சாரம், வரிச்சலுகை எல்லாம் எழுத்தில். தனியாக ஒருவர் வந்து போடுவதில்லை, பத்து வக்கீல்கள் பக்கத்தில் இருப்பார்கள். கைபேசி உற்பத்திக்கு மத்திய அரசு 2020இல் அறிவித்த ஊக்கத்தொகைத் திட்டம் மட்டும் 40,951 கோடி. தகராறு வந்தால் நாட்டுக்கு நாடு போட்ட வரி உடன்படிக்கை இருக்கிறது. நோக்கியாவின் வருமான வரித் தகராறு அப்படித்தான் இந்தியாவுக்கும் பின்லாந்துக்கும் இடையே பேசித் தீர்ந்தது. 2018இல் சுமார் 20 கோடி யூரோ கட்டி முடித்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, சமரசம் ஆனது. நல்லது. ஆனால் அதற்குள் நான்கு வருடமாக ஆலை பூட்டிக் கிடந்தது. 2019இல்தான் சால்காம்ப் வாங்கியது. 2014இல் வெளியே வந்த பெண்களுக்காக அந்த மேசையில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா?

2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியா பங்கு வெளியீடு வந்தது, 27,870 கோடி. உங்களில் சிலரும் விண்ணப்பம் போட்டீர்கள். அந்தப் பணம் முழுவதும் கொரியத் தாய் நிறுவனத்துக்குப் போனது, ஏனென்றால் விற்றது அவர்கள் கைவசம் இருந்த பங்கு. சட்டப்படி சரி. நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் இருபத்தைந்து வருடம் உழைத்து உருவான மதிப்பை அவர்கள் விற்றுக் காசாக்கிக் கொண்டுபோக வழி இருக்கிறது. உழைத்தவருக்கு அந்த மதிப்பில் ஒரு பங்கு கேட்க என்ன வழி இருக்கிறது? ஒரே ஒரு வழி. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது.

முதலாளி சேர்ந்து பேசலாம், அதற்குப் பெயர் தொழில் கூட்டமைப்பு. அரசுகள் சேர்ந்து பேசலாம், அதற்குப் பெயர் ஒப்பந்தம். தொழிலாளி சேர்ந்து பேசினால் மட்டும் பெயர் கலாட்டா!

இதில் சிறு பட்டறைக்காரர்களும் யோசிக்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். 1960களில் தொடங்கிய எஸ்டேட் அது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, ஆவடியில் டாங்கி ஆலை என்று சுற்றி இருந்தவற்றுக்கெல்லாம் வேலை செய்து வளர்ந்த இடம். இன்று பெரிய கம்பெனி விலையைக் குறைத்துக் கேட்டால் நீங்கள் மறுக்க முடிகிறதா? 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறது. தனியாகப் போய்க் கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்று பயந்து பேசாமல் இருக்கிறீர்கள். உங்கள் பட்டறை ஆளுக்கும் உங்களுக்கும் ஒரே வியாதிதான். தனியாக நிற்பதுதான் அந்த வியாதி.

"எல்லாம் சரி அத்தை, ஆனா ஆந்திரா கூப்பிடுறான், குஜராத் கூப்பிடுறான், நாம முரண்டு பிடிச்சா போயிடுவாங்க" என்பான் என் தம்பி மகன். இதில் பாதி உண்மை. மாநிலங்கள் போட்டி போடுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் நம்மிடம் எதற்காக வந்தார்கள்? சம்பளம் குறைவு என்பதற்காக மட்டுமென்றால் நம்மைவிடச் சம்பளம் குறைந்த மாநிலங்கள் எத்தனையோ இருக்கின்றன. இங்கே துறைமுகம் இருக்கிறது. உதிரிபாகம் செய்யும் பட்டறை இருக்கிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இருக்கிறது. படித்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைச் சத்துணவு போட்டு, இலவச பஸ் பாஸ் கொடுத்துப் படிக்க வைத்தது யார்? அரசுப் பள்ளிகள். கம்பெனிக்காரர் பார்த்து வருகிற சொத்தில் எங்கள் சாக்பீஸ் தூளும் இருக்கிறது.

வரலாற்றையும் பாருங்கள். இந்தியாவின் முதல் ஒழுங்கமைந்த தொழிற்சங்கம் எங்கே தொடங்கியது? நம் சென்னையில், 1918 ஏப்ரலில், பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். ஆலை நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு நீதிமன்றத் தடை வாங்கியது. அந்த அநியாயத்தின் பலனாகத்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டமே வந்தது. 1923இல் மே தினம் முதன்முதலில் கொண்டாடியதும் இதே சென்னைக் கடற்கரையில், சிங்காரவேலர். நூறு வருடமாகச் சங்கம் இருக்கிற மாநிலம் இது. இன்று நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இருப்பதும், ஆலைத் தொழிலில் அதிகம் பேர் வேலை செய்வதும் எந்த மாநிலத்தில்? மத்திய அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பே சொல்கிறது: தமிழ்நாட்டில். சங்கம் தொழிலை விரட்டும் என்றால் நாம் கடைசி இடத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

சங்கத் தலைவர்கள் எல்லாரும் உத்தமர்களா என்று கேட்பீர்கள். இல்லை. சந்தா வாங்கிக்கொண்டு நிர்வாகத்தோடு கைகுலுக்கியவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கட்சிக்காரர் சொன்னபடி ஆடியவர்களும் உண்டு. தொட்டதற்கெல்லாம் வேலைநிறுத்தம் என்பதும் தப்பு. ஒரு நாள் சம்பளம் போனால் வட்டிக்கடைக்குப் போகிற குடும்பங்கள் இவை. அதனால்தான் சொல்கிறேன், நல்லவர்கள் உள்ளே போக வேண்டும். கணக்குக் கேட்க வேண்டும். தலைவர் சரியில்லையென்றால் தேர்தலில் மாற்ற வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் ஊழல் செய்தார் என்பதற்காக ஊருக்குப் பஞ்சாயத்தே வேண்டாம் என்போமா?

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் இரண்டு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்போ மூடலோ செய்ய அரசு அனுமதி வேண்டும். இப்போது 300 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான். வேலைநிறுத்தம் என்றால் எந்த ஆலையானாலும் 14 நாள் முன்னறிவிப்பு. பாதிப் பேர் சேர்ந்து லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான். அதாவது மூடுவது சுலபம் ஆகியிருக்கிறது, கேட்பது கஷ்டம் ஆகியிருக்கிறது. இந்த நேரத்தில் தனியாக நிற்பது புத்திசாலித்தனமா?

சட்டம் என்றாலும் மாறாதது இல்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. சங்கங்கள் எல்லாம், ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகள் உட்பட, எதிர்த்தன. மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இன்றைக்கு ஐந்து மணி பஸ்ஸில் ஏறும் பிள்ளை சாயங்காலம் வீடு திரும்புகிறது என்றால், அந்த எட்டு மணி நேரத்தை யாரோ காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லாதவருக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக என் கதை. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த முதல் மாதமே சங்கச் சந்தா கட்டினேன். ரசீதுகள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. ஊதியக் குழு, மகப்பேறு விடுப்பு, பென்ஷன், எதையும் யாரும் எங்கள் கையெழுத்து அழகைப் பார்த்துத் தரவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் தெருவில் நின்று வாங்கினார்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தத்துக்காக இந்த மாநிலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தார்கள். எத்தனை வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை! பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதே 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை. மாதம் முதல் தேதி வங்கிக் கணக்கில் பென்ஷன் விழுகிற நான், என் மாணவனிடம் "உனக்கெதுக்குப்பா சங்கம், வம்பு" என்று சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்காதா?

தம்பி மகனே, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ நல்ல பிள்ளை. உன் வேலை அப்படி. ஆனால் நீயும் ஒரு சம்பளக்காரன்தான் என்பதை மறக்காதே. ஃபோர்டு மூடியபோது ஹெச்.ஆர். மேசையையும் சேர்த்துத்தான் மூடினார்கள். அடுத்த முறை ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒரு நிமிடம் சரிபார். தப்பு என்று தெரிந்தால் குழுவில் ஒரு வரி போடு, போதும். பொங்கலுக்கு வீட்டுக்கு வா, நேரில் சண்டை போடலாம்.

போன் செய்த கண்ணா, உனக்கு என் பதில்.

பயமே வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன். பயம் நியாயமானது. ஆபத்து இருக்கிறது. உன்னை வேறு ஷிஃப்டுக்கு மாற்றலாம், ஓரம்கட்டலாம், மெமோ கொடுக்கலாம். அதனால் சிலவற்றைச் செய். ஃபாரத்தை முழுக்கப் படி. சங்கத்தின் விதிகளைக் கேட்டு வாங்கு. சந்தா எவ்வளவு, கணக்கு யார் பார்க்கிறார், தேர்தல் எப்போது என்று கேள். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து வீட்டில் வை. வேலையில் ஒரு குறை சொல்ல இடம் கொடுக்காதே. மேலதிகாரியிடம் மரியாதை குறையாமல் பேசு. மனைவியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் செய். இன்னும் ஒப்பந்தத்தில் இருக்கும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் வரை நீயும் அங்கேதான் இருந்தாய்.

நீ கையெழுத்துப் போடாவிட்டாலும், கம்பெனி போக முடிவு செய்தால் போகும். உன்னிடம் கேட்காது. போடாமல் இருப்பதால் உன் வேலைக்கு எந்தக் காப்பீடும் இல்லை. போட்டால், போகிற நாளில் "எங்கள் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போங்கள்" என்று கேட்கவாவது நாலு பேர் உன்னோடு இருப்பார்கள்.

போடு கண்ணா. போட்டுவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு. ஏதாவது தொந்தரவு வந்தாலும் பண்ணு. மனு எழுத ஆள் இல்லையென்றால் டீச்சர் எழுதித் தருவேன். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். மரியாதையோடு எழுதுங்கள். பிழையிருந்தால் திருத்துங்கள், நானும் திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கரையான்சாவடி.